கோப்புப் பகிர்வு வலைகளின் ஸ்பேமுக்குப் ‘பதர்’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்,

சகா வலைகளில், அதாவது பயனர்களின் கணினிகளே ஒன்றுக்கொன்று கோப்புகளைக் கொடுத்து வாங்கும் வலைகளில், எதையாவது தேடினால் வந்து குவிகிற விளம்பரப் போலிகளுக்கு என்ன சொல் என்ற கேள்விக்கு இதுவரை எரிதம், வலை எரிதம், குப்பைக்கோப்பு என்று மூன்று வந்திருக்கின்றன. மூன்றுமே எனக்கு ஒத்துவரவில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டு என் பரிந்துரைக்கு வருகிறேன், கொஞ்சம் நீளும்.

எரிதம் மின்னஞ்சலில் கேட்காமலே வரும் விளம்பரங்களுக்கு, அதாவது ஸ்பேமுக்கு, வைத்த சொல், அங்கே அது இருக்கட்டும். மின்னஞ்சலில் நாம் சும்மா இருக்கிறோம், யாரோ எதையோ நம் பெட்டிக்குள் திணித்துவிட்டுப் போகிறார். இங்கே அப்படி இல்லை, கேட்பதே நாம்தான். 2000இல் வந்த நுட்டெல்லா என்ற சகா வலையை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு பெயரைத் தட்டித் தேடினால் அந்தக் கேள்வி உங்களோடு இணைந்திருக்கும் சில கணினிகளுக்குப் போகும், அவை தங்களோடு இணைந்தவற்றுக்குத் தள்ளிவிடும், இப்படி வழக்கமாக 7 தாவல் வரை பரவும். வழியில் எவரிடம் அந்தக் கோப்பு இருக்கிறதோ அவருடைய கணினி ‘இருக்கிறது’ என்று பதில் சொல்லும். அந்தப் பதில் உண்மைதானா என்று பார்க்க நடுவில் ஆளே கிடையாது. விளம்பரக்காரருக்கு இது போதும். எந்தக் கேள்வி வந்தாலும் ‘இருக்கிறது’ என்று சொல்லும் ஒரு நிரலை ஓடவிடுகிறார், அது நீங்கள் தட்டிய சொற்களையே கோப்புப் பெயராக வைத்து, ஜிப் என்றோ எம்பி3 என்றோ ஒரு வாலையும் ஒட்டி அனுப்பிவிடுகிறது. பொருளே இல்லாத நாலைந்து எழுத்துகளை அடித்துத் தேடினால்கூட அதே எழுத்துகளில் ஒரு கோப்பு பட்டியலில் வந்து நிற்கும். உலகத்தில் எவரிடமும் இருக்க முடியாத கோப்பு அது.

ஆக, இங்கே பிரச்சினை திணிப்பு அல்ல, கேள்விக்கு வந்த பொய்யான விடை. சொல் அதைச் சொல்ல வேண்டும்.

குப்பைக்கோப்பு எளிய சொல்தான், ஆனால் நம் சொந்த வட்டில் தங்கிப்போகும் தற்காலிகக் கோப்புகளைக் குப்பை என்று சொல்லியே பழகிவிட்டோம். அது மட்டுமல்ல, குப்பையைப் பார்த்தவுடன் குப்பை என்று தெரிந்துவிடும். இந்தப் போலிகளின் பலமே அப்படித் தெரியாததுதான்.

அதனால் என் பரிந்துரை பதர். நெல்லோடு நெல்லாகக் கிடக்கும், தோல் அச்சு அசல் நெல், உள்ளே அரிசி இருக்காது. பதடி என்ற பழைய வடிவமும் உண்டு, ஆனால் புழக்கத்தில் இருப்பது பதர்தான். வயலையே பார்க்காதவருக்குப் புரியுமா என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். உதவாக்கரை ஆளைப் பதர் என்று திட்டுவது இன்னும் போகவில்லையே, புரியும் என்றுதான் நினைக்கிறேன். அப்புறம், இது நன்றாகக் கிளைக்கும் சொல். தேடலுக்கு வரும் போலிப் பதில் பதர்விடை, இறக்கியபின் கையில் மிஞ்சுவது பதர்க்கோப்பு, வலையில் வேண்டுமென்றே கொண்டுவந்து கொட்டுவது பதர்க்கலப்பு, வடிகட்டும் நிரல் பதர்நீக்கி. பதர்நீக்கிக்கு முன்னுதாரணமும் உண்டு. 2010இல் நீதிமன்ற ஆணையால் முடங்கிய லைம்வயர் என்ற நுட்டெல்லா நிரலில், ஒரு விடையைக் குப்பை என்று பயனரே குறித்து வடிகட்டிக்குக் கற்றுக்கொடுக்க முடிந்தது.

விடையையும் கோப்பையும் பிரித்துச் சொல்ல வேண்டுமா என்ற கேள்வி வரும். வேண்டும். பதர்விடையை இறக்காமல் விட்டால் தொல்லை அங்கேயே முடிந்தது. பதர்க்கோப்பு அப்படி இல்லை, அது வேலையைத் தொடங்குவதே திறந்தபிறகுதான். பாட்டு என்று நம்பி ஒரு டபிள்யூஎம்ஏ கோப்பை (மைக்ரோசாஃப்டின் ஒலிக்கோப்பு வடிவம்) இறக்குகிறீர்கள், ஓடவிட்டால் பாட்டு வராது, உரிமம் வேண்டும் என்று சொல்லி ஒரு சாளரம் திறக்கும், அந்தச் சாளரத்துக்குள் விளம்பரப் பக்கம் ஓடும். நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டுகளுக்காக அந்த வடிவத்தில் வைத்த உரிமச் சோதனையையே விளம்பரப் பலகையாக்கிவிட்டார்கள். டொரென்ட்களில், அதாவது பிட்டொரென்ட் என்ற சகா வலையில் ஒரு கோப்பைத் துண்டு துண்டாக இறக்க உதவும் குறிப்புக்கோப்புகளில், இன்னொரு வகை. படம் முழுதும் இறங்கும், உள்ளே கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஒரு ரார் சுருக்கக்கோப்பு, பக்கத்தில் ஒரு சின்ன உரைக்கோப்பு. கடவுச்சொல் வேண்டுமானால் இந்தத் தளத்துக்கு வா, இந்தப் படிவத்தை நிரப்பு என்று அதில் எழுதியிருக்கும். மணிக்கணக்கில் இறக்கியவர் இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று நிரப்பியும் விடுவார். இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பிட்டொரென்டில் ஒவ்வொரு துண்டுக்கும் ஹாஷ், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்புக் குறி, இருக்கிறதே, அங்கே எப்படிப் பதர் வரும் என்று கேட்பவர்களுக்கு: அந்த ஹாஷ், டொரென்ட் எதை வாக்களித்ததோ அதுவே வந்ததா என்று மட்டும் பார்க்கும். டொரென்டே பதர் என்றால் துண்டுகள் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், பதரைப் பழுதில்லாமல் கொண்டுவந்து சேர்க்கும். கசா என்ற இன்னொரு சகா வலை இதைவிட மோசம். அதன் ஹாஷ் கோப்பின் முதல் 300 கிலோபைட்டையும், பிறகு தள்ளித்தள்ளி சில 300 கிலோபைட் பகுதிகளையும்தான் பார்த்தது. இடையில் இருப்பதை மாற்றினாலும் ஹாஷ் மாறாது. ஓவர்பியர், மீடியாடிஃபெண்டர் போன்ற நிறுவனங்கள் இசை, பட நிறுவனங்களிடம் காசு வாங்கிக்கொண்டு போலிகளைக் கொட்டிய காலம் அது. அவர்கள் நோக்கம் விளம்பரம் அல்ல, தேடுகிறவரைச் சலிக்க வைப்பது. ஆனாலும் பயனர் கைக்கு வருவது அதே வெற்றுக் கோப்புதான் என்பதால் பதர்க்கலப்பு என்ற சொல் இதையும் தாங்கும், தனிச்சொல் வேண்டாம்.

சொல் தாங்காத இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பதர் வெறுமை, நஞ்சு அல்ல. 2002இல் கசாவில் பரவிய பெஞ்சமின் என்ற புழு, அதாவது தானே பரவும் தீய நிரல், பாதித்த கணினியின் பகிர்வு அடைவில் பிரபலமான பெயர்களில் தன்னையே படியெடுத்துப் போட்டது, கூடவே விளம்பரம் காட்டும் ஒரு வலைப்பக்கத்தையும் திறந்தது. இதைப் பதர் என்று மட்டும் சொன்னால் படிப்பவர் ஆபத்தைக் குறைத்து எடைபோடுவார். இயங்கக்கூடிய தீய நிரல் உள்ளே இருந்தால் நச்சுக்கோப்பு என்றே சொல்வோம், அது பரவப் பதர்விடையைப் பயன்படுத்துகிறது என்று விளக்கத்தில் சேர்ப்போம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

‘பொய்விடை’ போதாதா என்று கேட்கலாம். அது தவறான பதில் எதற்கும் பொருந்தும், தேர்வுத்தாளில் எழுதிய தப்பு விடைக்கும்கூட. கலைச்சொல்லுக்கு அவ்வளவு அகலம் ஆகாது.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஒன்று. டொரென்ட் பட்டியல்களில் பதர்க்கோப்புக்குக் கீழேயே ‘அருமை, வேலை செய்கிறது’ என்று பத்துப் பதினைந்து கருத்துகள் இருக்கும், எல்லாம் போட்டவரே வேறு வேறு பெயர்களில் எழுதியவை. ஒரே ஆள் பல அடையாளங்களில் வந்து நம்பகத்தைக் கூட்டிக்காட்டும் இந்த உத்தியைச் சிபில் தாக்குதல் என்று ஜான் டூசரின் (John Douceur) 2002 கட்டுரையிலிருந்து சொல்லிவருகிறார்கள். பன்முகத் தாக்குதல் என்று எழுதிப் பார்த்தேன், ஆனால் பல திசைகளிலிருந்து தாக்குவது என்றும் பொருள்பட்டுவிடுகிறது. பல்பெயர்த் தாக்குதல் பரவாயில்லையா, வேறு ஏதாவது தோன்றுகிறதா? இலக்கணம் தெரிந்தவர்கள் பதர்க்கோப்பில் ஒற்று மிகுவது சரிதானா என்றும் ஒரு வரி எழுதுங்கள்.