சோதிக்காமல் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு: எங்கள் பக் நாயின் கண்ணுக்கு நேர்ந்தது

கருவிழியில் புண் இருக்கிறதா என்று பார்க்கும் எளிய சாயச் சோதனையைச் செய்யாமலேயே எங்கள் நாயின் கண்ணுக்கு ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து எழுதிக் கொடுக்கப்பட்டது என்பதுதான் என் புகார். கண் சிவந்த நாயைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடப்போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால், நடந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பொம்மி பக் இனத்தைச் சேர்ந்தவள். இந்த இனத்துக்குக் கண்குழி ஆழம் குறைவு என்பதால் விழிகள் முன்தள்ளியிருக்கும். பல நாய்களுக்கு இமைகள் முழுவதுமாக மூடுவதில்லை. மூக்கின் மேல் மடிப்பிலுள்ள முடியும் கருவிழியில் உரசிக்கொண்டே இருக்கும். அவளுடைய இடக்கண் பாதி மூடி, நீர் வடிந்து, வெளிச்சத்தைப் பார்க்கவே கூசியதும் அன்று மாலையே எங்கள் பகுதியிலுள்ள தனியார் சிகிச்சையகம் ஒன்றுக்குக் கொண்டு போனோம். அங்கிருந்த மருத்துவர் டார்ச் விளக்கைக் காட்டிப் பார்த்துவிட்டு, ஒவ்வாமை என்று சொல்லி, டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் கலந்த சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்தார். கண்ணைச் சொறியாமலிருக்கக் கழுத்தில் கூம்புப் பட்டை மாட்டவும் சொல்லவில்லை, எப்போது திரும்ப வர வேண்டும் என்றும் சொல்லவில்லை.

முதலில் சிவப்பு குறைந்ததைப் பார்த்து நிம்மதியடைந்தோம். ஸ்டீராய்டின் இயல்பே அதுதான் என்பது பிறகுதான் தெரிந்தது: அது அழற்சியை அடக்கிக் கண்ணை வெளுக்க வைக்கும், அதே நேரத்தில் புண்ணின் மேல் புதிய தோல் வளர்வதைத் தடுத்து, கருவிழியைக் கரைக்கும் நொதிகளுக்கும் வழிவிடும். அடுத்த சில நாட்களில் கருவிழி நீலம் கலந்த சாம்பல் நிறமாக மங்கியது. நடுவில் ஓரிடம் குழைந்த ஜவ்வரிசி போல வழவழத்தது. பீளை இமைகளை ஒட்டிப்போட்டது. தொலைபேசியில் கேட்டபோது, மருந்து வேலை செய்ய நேரம் பிடிக்கும், தொடர்ந்து ஊற்றுங்கள் என்றே பதில் வந்தது. அந்தப் பதிலை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. கண்ணைத் திறக்கவே முடியாத நாயைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காலை வேப்பேரியிலுள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் சிகிச்சை வளாகத்துக்குப் போனோம். 1903-ல் தொடங்கப்பட்ட பழைய கல்லூரி அது. கூட்டம் அதிகம், காத்திருப்பும் நீளம். ஆனால் மேசை மேல் நாயை ஏற்றிய பிறகு எதுவும் அவசரமாக நடக்கவில்லை. கீழிமையின் உள்ளே ஒரு மெல்லிய தாள் பட்டையை ஒரு நிமிடம் செருகி, அது எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று முதலில் அளந்தார்கள். நல்ல நிலையிலுள்ள நாய்க்கு அது 15-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். பொம்மிக்கு 10-ஐக்கூட எட்டவில்லை. அதாவது கண்ணீர் போதுமான அளவு சுரக்காத உலர்கண் நோய் அவளுக்கு ஏற்கெனவே இருந்திருக்கிறது. அதன் பிறகு ஃப்ளோரசீன் சாயம் தோய்ந்த பட்டையை ஒரு துளி உப்புநீரில் நனைத்துக் கண்ணில் தொட்டு, கழுவிவிட்டு, அறை விளக்கை அணைத்து நீல ஒளியைக் காட்டினார்கள். கருவிழியின் நடுவில் ஒழுங்கற்ற விளிம்போடு பளிச்சென்ற பச்சைத் திட்டு ஒன்று தெரிந்தது. மேல்தோல் நன்றாக இருக்கும் இடத்தில் அந்தச் சாயம் ஒட்டாது, புண்ணான இடத்தில்தான் ஊறும் என்று பயிற்சி மருத்துவர் ஒருவர் எங்களுக்குக் காட்டி விளக்கினார். சில நிமிடங்களில் முடிந்துவிட்ட சோதனை அது.

ஸ்டீராய்டு உடனே நிறுத்தப்பட்டது. அவளுடைய ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த தெளிந்த நீரான சீரத்தைக் குளிர்பெட்டியில் வைத்து அடிக்கடி ஊற்றச் சொன்னார்கள். கருவிழி கரைவதைத் தடுக்கும் பொருட்கள் அதில் உண்டாம். அதோடு ஆன்டிபயாடிக் சொட்டு, வலிக்கு அட்ரோபின், கழுத்துக்குக் கூம்புப் பட்டை. இரவெல்லாம் அலாரம் வைத்து என் மனைவியும் நானும் மாறி மாறி மருந்து ஊற்றினோம். விழியை எடுக்க வேண்டி வரலாம் என்ற எச்சரிக்கையோடு தொடங்கிய சிகிச்சையில் விழி தப்பியது. பார்வையின் ஒரு பகுதி மட்டும் தப்பவில்லை. நடுவில் வெள்ளைப் பூ விழுந்திருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து யாராவது வந்தால் இப்போது திடுக்கிடுகிறாள். உலர்கண்ணுக்கு சைக்ளோஸ்போரின் களிம்பை ஆயுள் முழுவதும் இட வேண்டும்.

அங்கே காத்திருந்தபோது ஸ்பிட்ஸ் நாயோடு வந்திருந்த ஓர் அம்மாவிடம் பேசினேன். வேறொரு இடத்தில் கண் சிவப்புக்குச் சொட்டு மட்டுமே மாற்றி மாற்றிக் கொடுத்தார்களாம். கண் அழுத்தத்தை யாருமே அளக்கவில்லையாம். அது கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வையைக் கெடுக்கும் குளுக்கோமா என்று தெரியவந்தபோது அந்தக் கண்ணில் பார்வை போய்விட்டிருந்தது. நோய் வேறு, ஆனால் அளக்காமல் மருந்து கொடுத்த பழக்கம் ஒன்றுதான்.

பொம்மியை முதலில் காட்டிய சிகிச்சையகத்துக்குத் திரும்பிப் போய் முதல் நாள் பரிசோதனைக் குறிப்பின் நகலைக் கேட்டேன். பக் நாய்களுக்கு இப்படித்தான் ஆகும் என்ற பதில் கிடைத்தது, நகல் கிடைக்கவில்லை. இந்த இனத்துக்குப் புண் எளிதில் வரும் என்பது உண்மை. அது தெரிந்த மருத்துவர் ஒவ்வாமை என்று முடிவுகட்டும் முன் புண்ணைத்தானே முதலில் தேடியிருக்க வேண்டும்?

1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின்கீழ் இயங்கும் மாநில மன்றத்துக்கு, மருந்துச் சீட்டு, தேதியிட்ட கண் படங்கள், வேப்பேரியில் தந்த குறிப்புகள் ஆகியவற்றை இணைத்து மனு அனுப்பியிருக்கிறேன். கட்டணம் வாங்கிச் செய்யும் சேவை என்பதால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம். மன்றத்தின் பதிலைப் பார்த்துவிட்டு அதை முடிவு செய்வோம். சாயச் சோதனை செய்யாததற்கு எழுத்துப்பூர்வமான விளக்கமும், முதல் நாள் குறிப்பின் நகலும் வேண்டும் என்றுதான் மனுவில் கேட்டிருக்கிறேன். உங்கள் நாய்க்கும் இதுபோல் ஸ்டீராய்டு சொட்டு எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தால், அதற்கு முன் பச்சைச் சாயம் இட்டுப் பார்த்தார்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.