ஒரு கிலோ செய்மதிய சுத்தவிட எவ்வளவு சக்தி வேணும்?

பரந்தன் பொடியன்:
அண்ணையாக்கள், நான் ஏஎல் மட்ஸ். 400 கிலோமீற்றர் உயரத்துக்கு ஒரு கிலோவுக்கு எம்ஜிஎச் (நிறை × ஈர்ப்பு × உயரம், தூக்கிற சக்தி) போட்டன், 3.9 மெகாயூல்தான் வருது, எங்கட கிணத்து மோட்டர் ஒரு மணித்தியாலம் ஓடுற கறன்ட். இது காணுமோ?

மாங்குளத்தான்:
காணாது தம்பி. நீர் தூக்கினத மட்டும் பாத்திட்டு ஓட்டத்த விட்டிட்டீர். சும்மா தூக்கி விட்டா திரும்ப விழும், விழாமச் சுத்த செக்கனுக்கு 7.67 கிலோமீற்றர் வேகம் வேணும், அரை எம் வி வர்க்கம் (ஓட்டத்தின்ர சக்தி: அரைவாசி நிறை × வேகத்தின்ர வர்க்கம்) போட்டுப் பாரும், 29.4 மெகாயூல். மேல போகப்போக ஈர்ப்பு குறையிறதால உம்மட 3.9உம் 3.7 ஆகும். கூட்டினா 33, கிட்டத்தட்ட 9 யூனிற் கறன்ட்.

பரந்தன் பொடியன்:
33 எண்டா ஒரு லீற்றர் டீசலுக்குள்ள முடியுதே! அப்ப றொக்கற் ஏன் அவ்வளவு பெரிசு?

குளத்தடி அக்கா:
நல்ல கேள்வி தம்பி. டீசலில ஓடுற லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் வெளிக்காத்த இழுத்து எரிக்குது, றொக்கற் ஒட்சிசனையும் தானே சுமக்கோணும், பிறகு அந்த எரிபொருளத் தூக்க இன்னும் எரிபொருள். இந்தியாவின்ர பிஎஸ்எல்வி றொக்கற் 320 தொன்னோட வெளிக்கிட்டு 600 கிலோமீற்றர் உயரத்தில துருவங்களுக்கு மேலால சுத்துற பாதைக்கு 1,750 கிலோதான் கொண்டுபோகும். றொக்கற்ற கிழக்குப் பக்கமா விட்டா பூமி சுத்துற வேகமும் கிடைக்கும், வன்னியில வயல் வரம்பில சும்மா நிக்கேக்கயே நாங்கள் செக்கனுக்கு 460 மீற்றர் அளவில கிழக்க போய்க்கொண்டுதான் இருக்கிறம்.