54 வயசுல பிக்கிள்பால் ஆரம்பிக்கிறேன், அடிபடாம ஆட முடியுமா?

ஓஎம்ஆர்வாசி:
எங்க அபார்ட்மென்ட்ல பழைய ஷட்டில் கோர்ட்லயே நெட்டை இறக்கிக் கட்டி பிக்கிள்பால் ஆரம்பிச்சிருக்காங்க, சாயங்காலம் ஆனா ஒரே கூட்டம். எனக்கு வயசு 54, சுகர் இருக்கு, மாத்திரைதான், இன்சுலின் இல்ல. காலேஜ்ல ஷட்டில் ஆடினதோட சரி, அதுக்கப்புறம் வாக்கிங் தவிர ஒண்ணும் கிடையாது. சேரலாம்னு இருந்தேன், அதுக்குள்ள எங்க ப்ளாக்லயே ஒருத்தர் பின்னாடி ஓடி விழுந்து மணிக்கட்டுல மாவுக்கட்டு, வீட்டம்மா இப்ப பேடிலையே (அதான் மட்டை) கண்ணுல காட்டக்கூடாதுன்னு நிக்கிறாங்க. ஓட்டை ஓட்டையா ஒரு பிளாஸ்டிக் பந்து, இத்தனூண்டு கோர்ட், இதுல எப்படிங்க கை உடையுது? வாக்கிங் ஷூவோட ஆடலாமா? ஆடுறவங்க யாராச்சும் சொல்லுங்க.

கெண்டைக்கால்_டாக்டர்:
டாக்டர் இல்ல சார், பிசியோ, பேரு சும்மா வச்சது. உங்க ப்ளாக்காரருக்கு நடந்ததுதான் இந்த கேம்ல ரொம்ப சகஜம். எதிராளி பந்தை இவர் தலைக்கு மேல தூக்கி லாப் போடுறான், இவர் கண்ணு பந்து மேல, கால் அப்படியே ரிவர்ஸ்ல போகுது, ரெண்டு மூணு எட்டுல குதிகால் தட்டி மல்லாக்க விழறப்போ கை தானா பின்னாடி ஊணும், மொத்த உடம்பு வெயிட்டும் மணிக்கட்டுல இறங்கிடும். பொம்பளைங்க மெனோபாஸ் தாண்டினவங்கன்னா எலும்பும் கொஞ்சம் மெலிஞ்சிருக்கும், இன்னும் சுலபமா உடையும். அதனால முதல் நாள் சர்வீஸ் கத்துக்கறதுக்கு முன்னாடி இதைக் கத்துக்கங்க: லாப் வந்தா உடம்பைத் திருப்பி, ஒரு பக்கமா திரும்பி ஓடணும், முகத்தை நெட்டைப் பார்த்து வச்சுக்கிட்டு பின்வாங்கவே கூடாது. எட்டாதுன்னு தோணிச்சுன்னா விட்டுடுங்க, ஒரு பாயின்ட் போனா போகுது.

அடுத்தது கெண்டைக்கால், அதைக் குதிகாலோட இணைக்கற அக்கிலீஸ் தசைநாண். வாக்கிங் போறவங்களுக்கு மூச்சு வாங்காது, அதனால நல்லா ஃபிட்டா இருக்கோம்னு நெனச்சுக்குவாங்க, ஆனா நின்ன இடத்துல இருந்து விசுக்குனு முன்னாடி பாயறது கெண்டைக்காலுக்கு பல வருஷமா பழக்கமே இல்லாத வேலை. தினமும் சுவரைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா குதிகாலைத் தூக்கி இறக்குங்க, ரெண்டு கால்ல சுலபமா வந்ததும் ஒத்தைக் கால்ல பண்ணுங்க. இதை சில வாரம் பண்ணிட்டு கோர்ட்டுக்குப் போனா பாதி பிரச்சினை கிடையாது. ஆடும்போது பின்னாடி யாரோ உதைச்ச மாதிரி இருந்து, திரும்பிப் பார்த்தா யாருமே இல்லைன்னா, நுனிக்கால்ல நிக்க முடியுதான்னு பாருங்க. முடியலைன்னா அன்னிக்கே எலும்பு டாக்டர்கிட்ட போகணும். சுளுக்குன்னு எண்ணெய் போட்டு நீவிக்கிட்டு உக்காந்துட்டு ரொம்ப லேட்டா வர்றவங்களைப் பார்த்து அலுத்துப் போச்சு.

இன்னொண்ணு, நிறைய பேருக்குத் தெரியாது. சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக் எடுத்தா இந்த அக்கிலீஸ் தசைநாண் அறுந்துபோற வாய்ப்பு கூடும், 60 வயசு தாண்டினவங்களுக்கும் ஸ்டீராய்டு எடுக்கறவங்களுக்கும் இன்னும் கூடுதல். அமெரிக்காவுல 2008லயே மருந்து லேபிள்ல இதைக் கட்டம் கட்டிப் போட வச்சாங்க. நம்மூர்ல யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு இதெல்லாம் தாராளமா எழுதித் தர்றாங்க. கோர்ஸ் முடிஞ்சு கொஞ்ச மாசம் வரைக்கும் கூட வரலாம், அதனால எப்ப திரும்ப ஆடலாம்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு இறங்குங்க.

நெட்டோரம்:
வாக்கிங் ஷூ வேண்டாம் அண்ணா. அது நேரா நடக்கறதுக்கு செஞ்சது, குதிகால் பக்கம் உசரமா மெத்துனு இருக்கும், பக்கவாட்டுல காலை ஊணினீங்கன்னா கணுக்கால் அப்படியே மடங்கிடும். ஷட்டில் ஷூவோ டென்னிஸ் ஷூவோ போதும், பிக்கிள்பாலுக்குன்னே தனியா விக்கிறதுக்கு காசு கொட்ட வேண்டாம். சிமென்ட் தரைன்னா டென்னிஸ் ஷூ, ஷட்டில் ஷூ அடிப்பாகம் அதுல சீக்கிரம் தேஞ்சிடும்.

நீங்க சொல்ற கோர்ட்ல எனக்கு வேற ஒரு பயம் இருக்கு. அளவு என்னவோ டபுள்ஸ் ஷட்டில் கோர்ட் அளவேதான், 20க்கு 44 அடி. ஆனா சுத்திலும் காலி இடம் சேர்த்து குறைஞ்சது 30க்கு 60 வேணும்பாங்க. அபார்ட்மென்ட்ல ஷட்டில் கோர்ட் போட்டவங்க கோட்டை ஒட்டியே சுவரோ கம்பி வேலியோ வச்சிருப்பாங்க. பின்னாடி எவ்வளவு இடம் இருக்குன்னு பாருங்க.

கண்ணையும் பார்த்துக்கங்க. நெட்டை ஒட்டி இருக்கற பகுதிக்குப் பேரு கிச்சன், ரெண்டு பக்கமும் அந்த கிச்சன் கோட்டுல நின்னா நடுவுல 14 அடிதான், அங்கேர்ந்து ஒருத்தன் ஓங்கி அடிச்சா இமைக்கக் கூட நேரம் இல்ல. பாலிகார்பனேட் கண்ணாடி போட்டுக்கங்க. சாதா பவர் கண்ணாடி பாதுகாப்புன்னு நெனச்சுடாதீங்க, அதுவே உடைஞ்சு கண்ணுல குத்தலாம்.

ஜெர்சி_சாம்பார்:
நியூ ஜெர்சியில இருந்து. இங்க பார்க்ல எல்லாம் இதுதான், 70 வயசுக்காரங்க எல்லாம் நம்மளை சுலபமா ஜெயிச்சுடுவாங்க, எப்படின்னு பார்த்தா அவங்க ஓடறதே இல்ல, கிச்சன் கோட்டுல நின்னு பந்தைத் தட்டித் தட்டி நம்மளை ஓட விடுவாங்க. நான் பார்த்த வரைக்கும் விழறதை விட ஓவரா ஆடித்தான் நிறைய பேர் படுக்கறாங்க. ஒரு கேம் 11 பாயின்ட், கால் மணி நேரத்துல முடிஞ்சிடும், இன்னொண்ணு இன்னொண்ணுன்னு மூணு மணி நேரம் ஓடிடும், மறுநாள் முழங்கை தூக்க முடியாது. ஆரம்பத்துல ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு மணி நேரத்தோட நிறுத்துங்க. பேடிலை இறுக்கிப் பிடிக்காதீங்க, டென்னிஸ் எல்போ அங்கதான் ஆரம்பிக்குது. 210லிருந்து 235 கிராமுக்குள்ள எதுன்னாலும் ஓகே, முதல்ல யார்கிட்டயாவது கடன் வாங்கி ஆடிப் பார்த்துட்டு வாங்குங்க.

அப்புறம் பக்கத்து கோர்ட் பந்து உருண்டு வந்தா "பால்!"னு கத்தி ஆட்டத்தை நிறுத்திடணும், நல்ல ரேலின்னு பார்க்காதீங்க. அந்தப் பந்து மேல கால் வச்சா கணுக்கால் காலி.

பிடிமாஸ்டர்_மகன்:
இவ்ளோ பயமுறுத்தாதீங்கப்பா, பாவம் மனுசன். நாலு தடவை குனிஞ்சு கால் விரலைத் தொட்டுட்டு இறங்கினா போதும், நாங்கல்லாம் அப்படித்தான்.

கெண்டைக்கால்_டாக்டர்:
தம்பி, குளிர்ந்து கிடக்கற தசையை இழுத்துப் பிடிக்கறதால பெருசா பிரயோஜனம் இல்ல, அதை ஆடி முடிச்சப்புறம் பண்ணுங்க. ஆடறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் வேக நடை, பக்கவாட்டுல நகர்றது, காலை ஆட்டி விடறது, அப்புறம் கிச்சன் கோட்டுல நின்னு மெதுவா டிங்க் அடிக்கறது, அதாவது நெட்டுக்கு மேல பந்தை லேசா தட்டி விடறது. உடம்பு லேசா வேர்க்கணும், அதுக்கப்புறம் கேம்.

ஓஎம்ஆர்வாசி:
எல்லாருக்கும் நன்றி. சுகருக்கு ஏதாவது தனியா பார்க்கணுமா? மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் போடறேன். பின்னாடி வேலிக்கு மூணு அடி இருந்தா அதிகம், நெட்டோரம் தம்பி சொன்னது சரிதான்.

கெண்டைக்கால்_டாக்டர்:
கிளிமிபிரைடு போட்டுட்டு வெறும் வயித்துல ஆடினா சுகர் இறங்கிடும் சார், ஏதாவது சாப்பிட்டுட்டுப் போங்க, பையில குளுக்கோஸ் இருக்கட்டும், கூட ஆடறவங்க ஒருத்தருக்காவது விஷயம் தெரிஞ்சிருக்கணும். கை நடுங்குது, சில்லுனு வேர்க்குதுன்னா உடனே நிறுத்திடுங்க. பாதத்துல மரமரப்பு இருந்தா முதல்லயே டாக்டர்கிட்ட காட்டுங்க, வெறுங்கால்ல ஆடவே கூடாது, வீட்டுக்கு வந்ததும் கொப்புளம் இருக்கான்னு பாதத்தைத் திருப்பிப் பாருங்க. நெஞ்சுல பாரம், படி ஏறினா மூச்சு வாங்குறது மாதிரி ஏதாவது இருந்தா அதைப் பார்த்துட்டுத்தான் கோர்ட்டு.

நெட்டோரம்:
மூணு அடியா! அண்ணா, அந்த கோர்ட்ல லாப் போட்டா பாயின்ட் எதிராளிக்குன்னு அசோசியேஷன் வாட்ஸ்ஆப் குரூப்ல ஒரு ஹவுஸ் ரூல் போட்டுடுங்க. சண்டை வரும், பரவாயில்ல. மாவுக்கட்டுக்காரர் உங்களுக்குத்தான் ஓட்டுப் போடுவாரு.