'எம்' இருந்தால் ஒரு பேங்க்ஸ், இல்லாவிட்டால் வேறு பேங்க்ஸா?

மேலவீதி வாசகர்:
பக்கத்து விவாதத் திரியில் இலக்கியப்பித்தன் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "இயன் பேங்க்ஸ் நாவலாசிரியர். இயன் எம். பேங்க்ஸ் விண்வெளிக் கதை விற்றவர். அட்டையில் 'எம்' இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்" என்கிறார். ஐயா, இரண்டும் ஒரே ஆள்! 1954-ல் ஸ்காட்லாந்தின் டன்ஃபர்ம்லினில் பிறந்து, 2013-ல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்த அதே மனிதர். பாதியைப் படித்துவிட்டு மீதிக்குத் தீர்ப்பு எழுதுவது என்ன நியாயம்?

இலக்கியப்பித்தன்:
இரண்டு ஆள் என்று நான் எங்கே சொன்னேன்? பிரித்தவர் அவரேதான். 1984-ல் 'தி வாஸ்ப் ஃபேக்டரி' வந்தபோது 'எம்' கிடையாது. 1987-ல் 'கன்சிடர் ஃப்ளீபஸ்' என்ற அறிவியல் புனைவு வந்தபோதுதான் 'எம்' வந்தது. எழுதியவரே போட்ட கோட்டை அழிக்க நீங்கள் யார்?

மேலவீதி வாசகர்:
அவர் போட்ட கோடா? 'எம்' என்பது மென்சீஸ், குடும்பப் பெயர். முதல் நாவலின்போது பதிப்பகத்தார் அது வேண்டாம் என்றார்கள், எடுத்தார். உறவுக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். அறிவியல் புனைவு வந்தபோது திரும்ப ஒட்டிக்கொண்டார். இதில் இலக்கியத் தரம் எங்கே வந்தது?

இப்போது இதற்குப் பதில் சொல்லுங்கள். 2009-ல் வந்த 'டிரான்சிஷன்' பிரிட்டனில் 'எம்' இல்லாமல் வெளியானது. அதே நாவல் அமெரிக்காவில் 'எம்' போட்டு வெளியானது. லண்டனில் வாங்கினால் இலக்கியம், நியூயார்க்கில் வாங்கினால் ஒதுக்க வேண்டியதா?

இலக்கியப்பித்தன்:
அது விற்பனைப் பிரிவு செய்த வேலை. ஒரு விதிவிலக்கை வைத்துக்கொண்டு இப்படிக் குதிக்க வேண்டாம்.

நள்ளிரவு ரயில்:
நாவல்களைப் பற்றி யாராவது பேசுவீர்களா? 'தி பிரிட்ஜ்' 1986-ல் வந்தது, 'எம்' கிடையாது. கார் விபத்தில் கோமாவுக்குப் போன ஒருவன், முடிவே தெரியாத ஒரு பாலத்தில் வாழ்கிறான். பாலத்துக்கு மேலேயே வீடு, அலுவலகம், ஆஸ்பத்திரி, ரயில். எடின்பரோ பக்கத்தில் ஃபோர்த் ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் ரயில் பாலம்தான் அதற்கு மூலம். நடுவில் வாளைத் தூக்கிக்கொண்டு ஒரு காட்டுவீரன் கொச்சையான ஸ்காட்ஸ் பேச்சில் தன் கதையைச் சொல்கிறான். முதலில் எரிச்சலாக இருக்கும், அப்புறம் அவன் எப்போது வருவான் என்று தேட வைப்பான். இதை எந்த அலமாரியில் வைப்பீர்கள், பித்தன்?

இலக்கியப்பித்தன்:
இலக்கியத்தில். 'எம்' இல்லையே, அம்மணி.

மேலவீதி வாசகர்:
பாருங்கள்! அட்டையைப் பார்த்துத்தான் தரம் சொல்கிறார். 'எம்' போட்டு வந்த 'யூஸ் ஆஃப் வெப்பன்ஸ்' படித்தீர்களா? ஓர் அத்தியாயம் முன்னே போகும், அடுத்தது கடந்த காலத்துக்குள் இறங்கும். பின்னோக்கிய அத்தியாயங்களுக்கு ரோமன் எண், அதுவும் இறங்குவரிசையில். இரண்டு ஓட்டமும் சேரும் இடத்தில், இதுவரை நாம் நம்பிய மனிதனையே சந்தேகப்பட வேண்டியிருக்கும். அதன் முதல் வரைவை அவர் எழுபதுகளிலேயே எழுதிவிட்டார், 'வாஸ்ப் ஃபேக்டரி'க்கு வெகு முன்னால்! மனிதர் முதலில் எழுதப் பழகியதே உங்கள் 'ஒதுக்க வேண்டிய' பக்கத்தில்தான். 'டிரான்சிஷன்' கேள்வி அப்படியே நிற்கிறது, நினைவிருக்கட்டும்.

ஓல்டு மாங்க்:
'ரா ஸ்பிரிட்' ஞாபகம் வருகிறதா யாருக்காவது? 2003-ல் ஸ்காட்லாந்து முழுக்க விஸ்கி வடிசாலைகளுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போய் எழுதியது. பாதிப் பக்கம் கார், நண்பர்கள், ஈராக் போர் மீது கோபம். அந்தப் போருக்காகத் தன் பாஸ்போர்ட்டையே வெட்டி அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் பிளேருக்கு அனுப்பியவர். அதிலும் 'எம்' கிடையாது. அப்போது அது உயர்ந்த இலக்கியமா பித்தன் சார்?

இலக்கியப்பித்தன்:
குடிப் புத்தகத்தை எல்லாம் இங்கே இழுக்காதீர்கள்.

ஓல்டு மாங்க்:
குடிப் புத்தகமா? என் பெயரைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று தெரிகிறது. போன வருடம் ஸ்காட்லாந்துத் துப்பறியும் நாவலாசிரியர் இயன் ரேங்கின் பற்றிய திரியிலும் இதே வேலைதான் செய்தீர்கள். அவர் ஜாக் ஹார்வி என்ற பெயரில் மூன்று த்ரில்லர் எழுதியதைச் சொன்னேன், "வாசிப்பே இல்லாதவர்" என்றீர்கள். நான் மறக்கவில்லை.

இலக்கியப்பித்தன்:
அங்கே நான் சொன்னது சரிதான்.

நள்ளிரவு ரயில்:
ரேங்கினுக்குத் தனித் திரி இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள்.

மேலவீதி வாசகர்:
அவர் பேச்சை மாற்றத்தான் பார்ப்பார். 'தி பிளேயர் ஆஃப் கேம்ஸ்' எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேரரசில் அரியணையே ஒரு விளையாட்டில் ஜெயித்தவருக்கு. பணமே இல்லாத சமூகத்திலிருந்து ஒருவன் அந்த ஆட்டம் ஆடப் போகிறான். எண்பதுகளின் பிரிட்டனில் பிரதமர் தாட்சரை வெறுத்த ஒரு இடதுசாரி எழுதியது என்று தெரிந்து படியுங்கள், அதன் சூடு புரியும். பாட்டி தகனத்தில் வெடித்துச் சிதறுவதில் தொடங்கும் 'தி குரோ ரோடு' நாவலைக் கொண்டாடுகிறீர்கள் அல்லவா? அதே துணிச்சல்தான் இங்கேயும். ஒரு மூளை, ஒரு கை.

இலக்கியப்பித்தன்:
'குரோ ரோடு' நாவலில் குடும்பம் இருக்கிறது, மண் இருக்கிறது, சாவு இருக்கிறது. உங்கள் விண்கலங்களில் என்ன இருக்கிறது?

மேலவீதி வாசகர்:
'லுக் டு விண்ட்வர்ட்' முழுக்கச் சாவுதான். போரில் மனைவியை இழந்தவன் துக்கத்தோடு சாகக் கிளம்பும் கதை. படிக்காமல் பேசுகிறீர்கள். 'டிரான்சிஷன்' பற்றி இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை.

இலக்கியப்பித்தன்:
விதிவிலக்கு என்று சொல்லிவிட்டேன். ஆயிரம் தடவை கேட்டாலும் அதுதான்.

புதுவரவு:
அண்ணா, அக்கா, நான் இவருடையது எதுவும் படித்ததில்லை. எதில் ஆரம்பிக்கலாம்?

இலக்கியப்பித்தன்:
'தி குரோ ரோடு'. வேறு யார் சொல்வதையும் கேட்காதீர்கள்.

மேலவீதி வாசகர்:
'பிளேயர் ஆஃப் கேம்ஸ்', தம்பி. அட்டையில் 'எம்' இருக்கும், பயப்படாமல் எடுங்கள்.

நள்ளிரவு ரயில்:
'தி பிரிட்ஜ்'. இவர்கள் இரண்டு பேரும் இன்னும் ஒரு வாரம் ஓயமாட்டார்கள், அதற்குள் முடித்துவிடலாம்.

இலக்கியப்பித்தன்:
ஓய வேண்டியது நான் இல்லை.