வரப்பில் பிடிபட்டது இலங்கை முள் சுண்டெலியா?

தோவாளை வயல்:
கும்பப்பூ (இரண்டாம் பருவ) நெல் கதிர் பிடிச்சாச்சு. வரப்பில் கட்டைவிரல் நுழையும் அளவில் வளைகள். பிடிபட்ட எலி சுண்டெலி அளவுதான், வயிறு பளிச்சென்று வெள்ளை. இலங்கைக்கே உரிய முள் சுண்டெலியின் படமும் இப்படித்தான் இருக்கு. இங்கேயும் அது உண்டா? மருந்து வைக்கலாமா?

வளைபார்ப்பவர்:
அது இருக்காது அண்ணாச்சி. மஸ் பெர்னாண்டோனி என்ற அந்த இனத்தை 1932இல் பிலிப்ஸ் என்ற ஆய்வாளர் முதன்முதலில் விவரித்தார். இலங்கைக்கு வெளியே கிடையாது, அங்கேயே அருகிவரும் இனம். 1915இல் தாமஸ் பெயரிட்ட மேயர் சுண்டெலியும் அந்தத் தீவுக்கு மட்டும் உரியது, ஈரக்காட்டு வாசி.

முதுகு மயிரை வாலிலிருந்து தலைப்பக்கமாக நீவிப் பாருங்க, கையுறை போட்டுத்தான், எலிக்காய்ச்சல் விளையாட்டில்லை. மெத்தென்று இருந்தால் வயல் சுண்டெலி, மஸ் பூடுகா. இது இந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. உடல் 6, 7 செ.மீ., வால் ஏறக்குறைய அதே நீளம், எடை 10 கிராம் பக்கம். வீட்டுச் சுண்டெலிக்கு வால் உடலைவிட நீளம், வயிறும் இவ்வளவு வெளுப்பாக இருக்காது. மயிர் சொரசொரவென்று குத்தினாலும் இலங்கைக்குப் போக வேண்டாம். நம்ம நாட்டிலேயே மஸ் பிளாட்டித்ரிக்ஸ் என்ற முள் சுண்டெலி இருக்கு. அது வளை வாயில் பொடிக்கற்களைச் சேர்த்து வைக்கும். கல்லும் புதருமான மேட்டு நிலம் அதற்குப் பிடிக்கும், நஞ்சை வரப்பு அல்ல.

நாஞ்சில் உழவு:
மருந்துக்கு முன்னால் சேதத்தைப் பாருங்க. தண்டு சாய்வாக வெட்டுப்பட்டிருந்தால் அது வரப்பெலி என்ற பெரிய எலியின் வேலை. அதன் வளை பெரிசு, வாயில் மண்குவியல், பெரும்பாலும் மண்ணால் அடைச்சிருக்கும். சுண்டெலி பெரும்பாலும் உதிர்ந்த நெல்லையும் பூச்சியையும் பொறுக்கும்.

துத்தநாகப் பாஸ்பைடு என்ற எலி மருந்து கலந்த இரை 96 பங்கு தானியம், 2 எண்ணெய், 2 மருந்து. இரண்டு நாள் வெறும் தானியம் வைத்துப் பழக்கணும், இல்லேன்னா கொஞ்சம் தின்று சுதாரித்த எலி திரும்பத் தொடாது. ஆனால் கதிர் முற்றும்போது வைப்பதே வீண். வயல் முழுக்க நெல் கிடக்க இரையை எது சீண்டும்? அடுத்த பருவமான கன்னிப்பூவுக்கு நடவுக்கு முன்பே வரப்பைச் செதுக்கி ஒல்லியாக்குங்க. அகல வரப்புதான் வளைக்கு வசதி.

தோவாளை வயல்:
நீவிப் பார்த்தேன், பஞ்சு மாதிரி இருக்கு. வெட்டுப்பட்ட தண்டும் இல்லை.

வளைபார்ப்பவர்:
அப்போ அதே வரப்பில் விட்டுருங்க. இனி பிடித்துப் பார்க்கணும்னா கால் அங்குலக் கண்ணி வலைக்கூண்டு வேணும். அரை அங்குலத்தில் நழுவிப் போயிரும்.