மாதம் 6,000 ரூபாய்க்குள் பழங்காசு ஏலம்: இந்த மூன்று லாட்டில் எதைக் கேட்கலாம்?

சில்லறை_கோவை:

வணக்கம். பழங்காசுக்கு மாதம் 6,000 ரூபாய்தான் ஒதுக்க முடியும். கூரியர் உட்பட எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடுத்த வார ஏலப் பட்டியலில் மூன்று லாட்டை (ஒரே விலைக்கு ஏலம் போகும் உருப்படி) குறித்து வைத்திருக்கிறேன்.

அ) மேற்கு க்ஷத்ரபர் வெள்ளிக்காசு ஐந்து, ஒரே லாட்டாக. மதிப்பீடு 4,000–5,000. அரசர் பெயர் எதுவும் இல்லை, "பலவகை" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள்.
ஆ) சங்ககாலப் பாண்டியர் சதுரச் செப்புக்காசு ஒன்று. யானைக்கு மேல் தமிழி (தமிழ் பிராமி) எழுத்து இருப்பதாகக் குறிப்பு. 5,000–6,000.
இ) ராஜராஜன் செப்புக்காசு பத்து. 2,000–2,500.

எதைக் கேட்பது, எவ்வளவு வரை போவது? வாங்கியதில் ஒன்றைச் சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கு அனுப்பலாமா?

ஏலக்கணக்கு:

முதலில் கணக்கு. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஏலம் முடிகிற ஹேமர் விலையோடு முடிவதில்லை. அதன் மேல் ஏல நிறுவனத்தின் பிரீமியம் (அவர்கள் கட்டணம்), ஜி.எஸ்.டி., கூரியர், இன்சூரன்ஸ் என்று வரிசையாக ஏறும். விகிதம் இடத்துக்கு இடம் மாறும், வரி எந்தத் தொகையின் மேல் என்பதையும் நிபந்தனைப் பக்கத்தில் பாருங்கள்.

பிரீமியம் 18%, மொத்தத்தின் மேல் வரி 5%, கூரியர் 200 என்று வைத்துக்கொள்வோம். 6,000-இல் 200 போனால் 5,800. அதை 1.18-ஆல் வகுத்து, மறுபடி 1.05-ஆல் வகுத்தால் சுமார் 4,680. ஏலம் நூறு நூறாக ஏறுகிறது என்றால் உங்கள் கடைசிக் கேள்வி (ஏலத்தில் கேட்கும் தொகை) 4,600. அதில் விழுந்தால் கையை விட்டுப் போவது 5,899. இன்னும் ஒரே ஒரு நூறு ஏற்றி 4,700 கேட்டால் 6,023, பட்ஜெட் தாண்டிவிட்டது. இந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். லைவில் உட்கார்ந்தால் கை துறுதுறுக்கும் என்றால், அந்தத் தொகையை முன்கூட்டியே எழுத்துமூலம் கொடுத்துவிட்டு அன்று திரையைத் திறக்காமல் இருப்பது நல்லது. இருவர் ஒரே தொகை கேட்டிருந்தால் பெரும்பாலும் முதலில் வந்த கேள்விக்கே லாட் போகும். அதனால் கடைசி நாள் வரை இழுக்க வேண்டாம்.

இன்னொன்று. தொகுப்பு லாட்டுகளைத் திருப்பி எடுக்க மாட்டார்கள், "உள்ளது உள்ளபடி" என்று நிபந்தனையிலேயே இருக்கும். அ, இ இரண்டும் அந்த வகை. எனவே ஏலத்துக்கு முன்பே ஒவ்வொரு காசின் எடையும், இரு பக்கப் படமும், விளிம்புப் படமும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அந்த லாட்டை விட்டுவிடலாம்.

சிங்கப்பூருக்கு அனுப்பவே கூடாது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. பரிசு என்று எழுதித் தபால் உறையில் போட்டாலும் அது ஏற்றுமதிதான். தம்பி ஊருக்கு வரும்போது காட்டுங்கள்.

சகஆண்டு_78:

என் ஓட்டு லாட் அ-வுக்கு. குறைந்த காசில் இவ்வளவு படிக்கக் கிடைக்கும் வேறு இந்திய வரிசை எனக்குத் தெரிந்து இல்லை. குஜராத், மாளவம் பகுதியை ஆண்டவர்கள். காசு இரண்டு கிராம் சுற்றி இருக்கும், குறுக்களவு 15 மி.மீ. அளவுதான், சட்டைப் பொத்தான் மாதிரி. ஆனால் அதற்குள் அரசன் முகம், அவன் பெயர், அப்பா பெயர், இருவர் பட்டம், அச்சடித்த ஆண்டு எல்லாம் உண்டு.

முன்பக்கம் அரசன் வலப்புறம் பார்த்திருப்பான். தலைக்குப் பின்னால், அதாவது படத்தில் உங்கள் இடது கைப் பக்கம், பிராமி எண்ணில் சக ஆண்டு. அதோடு 78 கூட்டினால் கி.பி. இது இடமதிப்பு முறை இல்லை: நூறுக்கு ஒரு குறி, பத்துகளுக்கு ஒரு குறி, ஒன்றுகளுக்கு ஒரு குறி. 1, 2, 3 என்பவை படுக்கைக் கோடுகள். நூறு குறியின் வலப்பக்கம் ஒரு சிறு கோடு ஒட்டினால் 200, இரண்டு ஒட்டினால் 300. தேய்ந்த காசில் அந்தச் சிறு கோடு மறைந்துபோய் நூறு வருஷம் தவறிவிடும். அப்போது பின்பக்கத்து அரசன் பெயர்தான் கைகொடுக்கும்.

பின்பக்கம் நடுவில் மூன்று வளைவுள்ள குன்று, பிறை, சூரியன், கீழே நெளிகோடு. சுற்றிலும் எழுத்து. அதில் "ராஜ்ஞ" அல்லது "ராஜ்ஞோ" இரண்டு தடவை வரும். முதலாவதற்குப் பின்னால் அப்பா, இரண்டாவதற்குப் பின்னால் மகன். அப்பா பெயர் ஏன் முக்கியம் என்றால், ருத்ரசேனன் மட்டும் நான்கு பேர். வீரதாமன் மகன் என்றால் இரண்டாம் ருத்ரசேனன், முதலாம் ருத்ரசிம்மன் மகன் என்றால் முதலாமவன்.

இந்த வரிசையில் அச்சு பெரிது, வெள்ளித் தகடு சிறிது. அச்சு சற்று விலகினாலும் ஏதாவது ஒரு பக்கம் வெளியே போய்விடும். முகம் பளிச்சென்று நடுவில் இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். தலைக்குப் பின்னால் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். முகம் சுமார், ஆண்டு முழுசு என்கிற காசை நான் முதலில் எடுப்பேன்.

விலைக்கும் இதே அளவுகோல். மொத்தம் 5,899, ஐந்து காசு, ஒன்று 1,180 என்று கணக்குப் போடாதீர்கள். ஐந்தில் இரண்டுதான் படிக்க முடிகிறது என்றால் காசு ஒன்று 2,950. தனிக்காசாகவே நல்லது அதற்குக் கீழே கிடைக்கலாம்.

பின்பக்கத்தில் கூட்டல் குறியும் நான்கு வட்டங்களும் சேர்ந்த உஜ்ஜயினிக் குறி தெரிந்தால் மூச்சுக் காட்டாமல் லாட்டைக் கேளுங்கள். அது சாதவாகனர் வெள்ளி. பின்பக்க எழுத்து "அரசணக்கு", "மகணக்கு" என்று திராவிட மொழியில் ஓடும். க்ஷத்ரபர் குவியலில் தவறிக் கலந்திருந்தால் யோகம்தான்.

மணல்யானை:

லாட் ஆ-வை விடுங்கள். பெருவழுதி என்று பெயர் பொறித்த காசில் இருப்பது குதிரை. யானைக்கு மேல் சாதாரணமாக இருப்பவை சின்னங்கள், அரைகுறையாகத் தேய்ந்த சின்னத்தை எழுத்து என்று பட்டியலில் போடுவது நடக்கும். அது கவனக்குறைவு, மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது, தேய்ந்த நிஜக் காசில் எழுத்தைச் செதுக்கி விற்பது.

கண்டுபிடிப்பது இப்படி. அச்சில் அடித்த எழுத்து தளத்திலிருந்து மேலெழும்பி நிற்கும், அதன் அடிவாரம் மெல்லச் சரிந்து தளத்தோடு கலக்கும். செதுக்கிய எழுத்தில் சுற்றியுள்ள தளத்தைச் சுரண்டித்தான் எழுத்தை உயர்த்த முடியும். அதனால் எழுத்தைச் சுற்றி மட்டும் ஒரு பள்ளம், கரை வெடுக்கென்று இறங்கும். பத்து மடங்கு லென்சில், விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் நிழல் காட்டிக்கொடுக்கும். படம் மட்டும்தான் என்றால் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள்.

முழுப் போலி வார்ப்பில் வரும். மேற்பரப்பு சோப்புக்கட்டி மாதிரி வழவழப்பு, ஊசிமுனைக் குழிகள், விளிம்பில் அரம் ஓடிய தடம். ஒரே இடத்தில் ஒரே குழியோடு இரண்டு காசு பார்த்தால் இரண்டையும் நம்பாதீர்கள். பச்சை நிறம் பூச்சா என்பதைப் பஞ்சில் அசிட்டோன் தொட்டுப் பார்த்தால் தெரியும்: நிஜக் களிம்பு அசையாது, பூசியது பஞ்சில் ஒட்டும். எடையை வைத்து இந்தச் சதுரக்காசுகளைத் தீர்மானிக்க முடியாது, நிஜங்களே ஏகத்துக்கும் மாறும்.

"நேற்றுத்தான் வைகை மணலில் கிடைத்தது" என்று ஏலத்துக்கு வெளியே யாராவது கொண்டுவந்தால் கும்பிடு போட்டுவிடுங்கள். பொய் என்றால் போலி. மெய் என்றால் இன்னும் மோசம்: 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள கண்டெடுப்பைக் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

சில்லறை_கோவை:

நன்றிங்க. கூடுதல் படம் வந்துவிட்டது. அ-வில் ஒரு காசில் "தாமஸேன புத்ரஸ" வரை தெளிவு, அதற்குப் பிறகு வெட்டுப்பட்டிருக்கிறது. தலைக்குப் பின்னால் நூறு குறி, அடுத்து 70-க்கான குறி, அதன் பிறகு வெற்றிடம்தான். இன்னும் இரண்டு காசில் ஆண்டு பாதி. இ-யில் மூன்று காசில் வெளிர்பச்சைப் புள்ளிகள். அது நல்ல களிம்பா?

களிம்பு_வைத்தியர்:

நல்ல களிம்பு கெட்டியாக, கரும்பச்சையாக ஒட்டியிருக்கும். வெளிர்பச்சையில் மாவு மாதிரி, பல்குச்சியால் தட்டினால் உதிர்ந்து, சில நாளில் அதே இடத்தில் மறுபடி பூத்தால் அது செப்பு நோய். உள்ளே தங்கிய குளோரைடு உப்பு ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து அமிலமாகிச் செம்பைத் தின்கிறது. மழைக்காலத்தில் வேகம் கூடும்.

முதல் வேலை, அந்த மூன்றையும் தனி டப்பாவில் வையுங்கள். உதிர்வதைக் குச்சியால் சுரண்டி எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு வாரம் ஒரு முறை நீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலேயே குளோரின் இருக்கிறது. அடங்கவில்லை என்றால் சோடியம் செஸ்குவிகார்பனேட், லிட்டருக்கு 50 கிராம், அதே மாதிரி வாராவாரம் மாற்றி மாதக்கணக்கில். கடைசியில் வடிநீரில் அலசி, நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில். புளி போட்டுத் தேய்ப்பது, எலுமிச்சை, பித்தளை பாலிஷ் எதுவும் ஆகாது. செம்பு ரோஸ் நிறத்துக்கு வந்துவிடும், அப்புறம் அந்தக் காசை யாரும் சீண்ட மாட்டார்கள். வளைந்து கொடுக்கிற, பிளாஸ்டிக் நெடி வீசுகிற பி.வி.சி. உறையும் வேண்டாம், பச்சைப் பிசின் கக்கும்.

இ-யை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நோயுள்ள மூன்றைச் சும்மா வந்ததாக வைத்து, ஏழு காசுக்கு விலை போடுங்கள். எழுத்தையும் படியுங்கள். நிற்கும் மனிதன், பின்னால் உட்கார்ந்த உருவம், அதன் கைக்கீழ் நாகரி எழுத்து என்ற இதே அமைப்பில் இலங்கை அரசர்களும் அடித்தார்கள். "ஸ்ரீ ராஜ" வரை பார்த்து ராஜராஜன் என்று முடிவு கட்டாதீர்கள். அரசி லீலாவதி காசும் "ஸ்ரீ ராஜ" என்றுதான் தொடங்கும், கீழ்வரிகள்தான் பிரிக்கும்.

சகஆண்டு_78:

தாமசேனன் மகன்களில் மஹாக்ஷத்ரபர் (மூத்த ஆட்சியாளர் பட்டம்) ஆனவர்கள் மூவர்: முதலாம் யசோதாமன், விஜயசேனன், மூன்றாம் தாமஜதஸ்ரீ. ஆண்டு 161 என்றால் யசோதாமனா விஜயசேனனா என்று திண்டாடியிருப்பீர்கள். உங்களுடையதில் தெரிவது 170. 70-க்குப் பின் காசின் விளிம்பு வெட்டியிருக்கிறதா, தளம் வெறுமையாக இருக்கிறதா என்பதைப் பாருங்கள். தளமே வெறுமை என்றால் சக 170, கி.பி. 248, விஜயசேனன். விளிம்பு வெட்டியிருந்தால் 171-லிருந்து 179 வரை எதுவும் ஆகலாம், தாமஜதஸ்ரீயும் உள்ளே வந்துவிடுவான். "ராஜ்ஞோ மஹாக்ஷத்ரபஸ" இரண்டாம் முறை வந்த பிறகு முதல் எழுத்து "வி" மாதிரியா "தா" மாதிரியா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒரு காசு முழு ஆண்டு, இரண்டு பாதி என்ற கணக்கில் 3,800-க்கு மேல் போக வேண்டாம்.

சில்லறை_கோவை:

70-க்குப் பின் தளம் வெறுமைதான், விளிம்பு அதற்கும் தள்ளியே இருக்கிறது. எழுத்து "வி". 3,800 என்று எழுதி அனுப்பிவிட்டேன்.