36 அடி தேக்குப் படகு: பாளையங்கோட்டைக்குக் கொண்டுவரலாமா, தூத்துக்குடியிலேயே வைத்து வேலை பார்க்கலாமா?

டெப்போ மெக்கானிக் (பாளையங்கோட்டை):

எல்லாருக்கும் வணக்கம். பஸ் டெப்போவில் இன்ஜின் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மரவேலை சுத்தமாகத் தெரியாது.

தூத்துக்குடியில் ஓர் உப்பளக்காரர் குடும்பத்து ஷெட்டில் பழைய மோட்டார் யாட் ஒன்று கிடந்தது. விருந்தாளிகளை முயல் தீவுப் பக்கம் கூட்டிப்போக அவர்கள் தாத்தா கொழும்பிலிருந்து வாங்கி வந்தாராம். 36 அடி நீளம், 9 அடி அகலம். தேக்குப் பலகை, செம்பு ஆணி. கேபினின் பித்தளை வட்டச் சன்னல்களில் இரண்டை யாரோ கழற்றி எடைக்குப் போட்டுவிட்டார்கள். கட்டிய பட்டறையின் தகடும் போன இடம் தெரியவில்லை. ஆனால் இன்ஜின் தகடு இருக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் படித்த அன்றே இது என்னுடையது என்று முடிவு செய்துவிட்டேன். மான்செஸ்டர் கார்ட்னர், 4 எல்.டபிள்யூ.

பஸ்காரனுக்கு இந்தப் பெயர் சும்மா இல்லை. 1931-ல் வந்த வரிசை. இங்கிலாந்தில் பஸ், லாரி, படகு எல்லாவற்றிலும் இதைத்தான் மாட்டினார்கள். ஒரு சிலிண்டருக்கு 1.4 லிட்டர், நாலுக்கும் சேர்த்து 5.6 லிட்டர். மெதுவாகச் சுற்றும், லேசில் சாகாது. இப்போது இறுகிக் கிடக்கிறது. டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து சிலிண்டர்களில் ஊற்றி ஊற வைத்திருக்கிறேன். இரும்புக் கம்பி போட்டு நெம்பித் திருப்பும் ஆள் நான் இல்லை.

பிரச்சினை இடம்தான். ஷெட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள், வாடகை கொடுத்தால் யோசிப்பார்கள். எனக்குப் பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் காலி மனை ஒன்று இருக்கிறது. லாரியில் ஏற்றினால் 50 கிலோமீட்டர், வீட்டு வாசலிலேயே வேலை. இல்லையென்றால் புன்னைக்காயல் கழிமுகத்தில் மிதக்கவிட்டு மெல்ல மெல்லப் பார்க்கலாமா? எனக்கு அவசரமில்லை, பத்து வருஷம் ஆனாலும் சரி. இன்ஜினை முடித்துவிட்டு மரத்துக்குப் போகலாம் என்பது என் கணக்கு.

எங்கள் அக்கா மட்டும் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள்: "ஆத்துல தண்ணியே முழங்கால் அளவு, இத எங்கலே ஓட்டப் போற?"

ஃபைபர் பட்டறை (திருச்செந்தூர்):

அண்ணாச்சி, பத்து வருஷம் எதற்கு? பழைய பெயின்ட்டைச் சுரண்டி, வெளியே இரண்டு மூன்று சுற்று ஃபைபர் மேட்டும் ரெசினும் போட்டுவிட்டால் ஒழுக்கு என்ற பேச்சே இருக்காது. இப்போது கடற்கரையில் யார் மரத்தில் வள்ளம் கட்டுகிறார்கள்? மிச்ச நாளில் இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

தோணி வீட்டுப் பிள்ளை (தூத்துக்குடி):

ஃபைபர்காரர் தொழில் அவருக்கு, அதில் குறை சொல்ல மாட்டேன். புதுப் படகுக்கும் ஒட்டுப்பலகைப் படகுக்கும் சரி. ஒவ்வொரு பலகையும் தனித்தனியாக ஊதிச் சுருங்கும் பழைய தேக்குக் கட்டுக்கு அது ஆகாது. பலகை அசைய, மேலே ஒட்டியது ஓரத்தில் வாய் பிளக்கும். உள்ளே போன தண்ணி வெளியே வர வழியில்லாமல் அங்கேயே இருந்து மரத்தைத் தின்னும். உரித்துப் பார்க்கும்போது கையோடு பலகையும் வரும்.

அண்ணாச்சி, கே.டி.சி. நகருக்கு வேண்டவே வேண்டாம். எங்கள் அப்பா தோணி கட்டும் ஓடாவி. அவரோடு கூடமாட நின்று நான் கற்றதில் முதல் பாடம் இது. ஆனி, ஆடியில் கயத்தாறு காற்றாலைகளைச் சுற்றுகிற மேல்காற்று உங்கள் மனையிலும்தான் வீசும். பலகையில் இருக்கும் ஈரத்தை அது உறிஞ்சிவிடும். இடுக்கில் ஒற்றை ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்குச் சந்து விடும். அதைப் பார்த்துப் பதறி, பஞ்சுத் திரியை உளியால் அடித்து அடித்துத் திணிப்பார்கள். அங்கேதான் வினை. கடலில் இறக்கியதும் பலகை ஊதும். ஊத இடம் இல்லையென்றால் ஆணியைப் பிடுங்கும், பலகையை உள்ளே தாங்கும் விலா மரமான வங்குக்காலை ஒடிக்கும். காய்ந்த உடம்பில் கலப்பத்து, அதாவது இடுக்கில் திரி அடைப்பது, தளர்வாகத்தான் இருக்க வேண்டும். மிச்சத்தைத் தண்ணி பார்த்துக்கொள்ளும்.

புன்னைக்காயலும் வேண்டாம். கப்பல் புழு உப்புத் தண்ணியிலும் கழிமுகத்திலும் இருக்கும். வெளியே குண்டூசி முனை அளவு ஓட்டைதான் தெரியும், உள்ளே விரல் நுழையும் அளவுக்குக் குடைந்திருக்கும். சும்மா கட்டிப் போட்ட படகுதான் அதற்கு வசதி.

வாடகை போனால் போகட்டும், ஷெட்டிலேயே வையுங்கள். மேலே பனையோலை, பக்கவாட்டில் காற்றுப் போக்கு. வெயில் காலத்தில் உள்பக்கம் நனைத்த சாக்கு விரியுங்கள், கடல் தண்ணியில் நனைத்தால் இன்னும் நல்லது. கடல் தண்ணியைவிட மழைத் தண்ணிதான் மரத்துக்கு எமன். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போய் அப்படியே நின்றால் பூஞ்சை பிடிக்கும், உப்பு ஊறிய மரத்தில் அதற்கு அவ்வளவு தெம்பில்லை. ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழை எங்கே இறங்கியிருக்கும் என்று தேடுங்கள். சன்னலுக்குக் கீழே, கேபின் மூலைகள், மேல்தளம் பக்கப்பலகையைத் தொடும் விளிம்பு, படகின் பின்பக்கமான அமரத்து முடுக்கு. சின்ன சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று சொல்லும், கெட்டது தொம்மென்று அமுங்கும். அங்கே குத்தூசியை அழுத்துங்கள். நுனி நின்றால் மரம், எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் மாவு.

இன்ஜினை இறக்கும் முன் ஒன்று. படகின் பாரம் முழுக்க அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராவின் மேல்தான் நிற்க வேண்டும். மூன்றடிக்கு ஒரு கட்டை கொடுங்கள். பக்கத்து முட்டு சாயாமல் பிடிக்க மட்டும். முன்முனையான அணியத்திலிருந்து அமரம்வரை ஏராவை ஒட்டி நூல் பிடித்துப் பாருங்கள். வயதான படகு இரண்டு முனையும் தொங்கி நடு எழும்பி நிற்கும். அந்தக் கோணலோடு புதுப் பலகை அடித்தால் கோணலே நிரந்தரம். உள்வளைவுக்கு ஆறேழு இடத்தில் ஒட்டுப்பலகையில் அச்சு வெட்டி வைத்துக்கொண்டு அப்புறம் எதையும் கழற்றுங்கள். வங்குக்கால் மாற்றுவதும் ஒன்று விட்டு ஒன்றுதான். வரிசையாக நாலைப் பிடுங்கினால் வடிவம் போய்விடும்.

டெப்போ மெக்கானிக்:

தம்பி, நன்றி. நூல் பிடிப்பது எனக்கும் புரிகிற பாஷை, சேஸிஸ் கோணலை நாங்களும் அப்படித்தான் பார்ப்போம். அப்படியானால் படகு அங்கே, இன்ஜின் மட்டும் என் மனைக்கு. சரிதானே? ஏராவில் இரும்பு போல்ட் தலைகள் தெரிகின்றன. வெளியே துரு அவ்வளவாக இல்லை.

உவரிக்காரன் (கப்பலில் இன்ஜினியர்):

போல்ட் தலையை நம்ப வேண்டாம். ஏராவும் பலகையும் சேரும் இடத்தில்தான் அது மெலிந்திருக்கும். ஒன்றை முழுசாக உருவிப் பாருங்கள், மற்றவற்றின் கதை தெரிந்துவிடும்.

இன்ஜினில் ஒரு விஷயம் பஸ்ஸிலிருந்து மாறும். அந்தக் காலப் படகுகளில் பலவற்றுக்கு ரேடியேட்டர் கிடையாது, கடல் தண்ணியே நேராக உள்ளே சுற்றி வெளியே போகும். உங்களுடையதும் அப்படியென்றால் பிஸ்டனுக்கு முன்னால் தண்ணி ஓடும் வழிகளைத் திறந்து பாருங்கள். உப்பும் துருவும் கட்டிப்பட்டு அடைத்திருக்கும். திரும்ப மாட்டும்போது நல்ல தண்ணிச் சுற்றுக்கு மாற்றிவிடலாம். இன்ஜினிலிருந்து விசிறிக்குப் போகும் ஷாஃப்ட்டின் நேர்கோடு பார்ப்பதைக் கரையில் முடித்துவிட்டதாக நினைக்காதீர்கள். தண்ணியில் இறங்கிப் பலகை ஊதினால் உடம்பு சற்று வடிவம் மாறும். சில நாள் மிதந்த பிறகு இன்ஜினும் ஷாஃப்ட்டும் சேரும் கப்ளிங்கைப் பிரித்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டுத் திரும்ப அளக்க வேண்டும்.

அக்காவிடம் சொல்லுங்கள்: தாமிரபரணியில் முழங்காலுக்கு மேல் தண்ணி வந்தாலும் ஸ்ரீவைகுண்டம் அணையைத் தாண்டி மேலே வர முடியாது. ஓட்டுவது கடலில்தான், அதற்கு முன் பதிவும் சர்வேயும் உண்டு.

தோணி வீட்டுப் பிள்ளை:

இன்ஜின் மட்டும் உங்கள் மனைக்கு, சரிதான். ஆனால் அரை டன்னுக்கு மேல் இருக்கும், அதைத் தூக்கியதும் நடு ஏரா மேலே எழும்பப் பார்க்கும். கிரேனுக்கு இப்போதே சொல்லிவிட வேண்டாம். ஞாயிறு பூசை முடிந்து ஷெட்டுக்கு வருகிறேன். முதலில் கட்டை கொடுத்து நூல் பிடிப்போம். கால் கிலோ சுத்தியல் ஒன்று எடுத்து வாருங்கள் அண்ணாச்சி, டெப்போ சுத்தியல் வேண்டாம்.